மூன்றாம் கியரில் கோத்தகிரி

காலையில் எழுந்ததும் தம்பிதுரை மோட்டார் போடுவான். மேல்தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டால் நிறுத்துவான். பல் விளக்குவான். வாசற்படியில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சி, ஒரு டம்ளர் காபி போட்டு நின்றபடியே குடிப்பான். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். பிறகு பின்னாலிருக்கும் ஷெட்டுக்குப் போய் ஷட்டரைத் தூக்குவான். ஷட்டர் பாதியில் சிக்கும். காலால் ஓர் உதை விட்டால் மேலே போகும். மனைவி வசந்தாமணி இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அதன் பிறகு இந்த வரிசையில் எதுவும் மாறவில்லை.

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிச் சென்னிமலைக் கவுண்டரின் பம்ப் கம்பெனி. அதற்குப் பக்கத்தில் வீடு. இரண்டுக்கும் நடுவில் அந்த ஷெட். கவுண்டர் தம்பிதுரைக்குத் தாய்மாமன். மாமனாரும் அவரேதான். கல்யாணத்துக்கு முதல்நாள் வரை "டேய் தொரை" என்று கூப்பிட்டவர், தாலி ஏறிய மறுநிமிஷம் "வாங்க மாப்ள" ஆகிவிட்டார். அன்று ஏறிய 'ங்க' பிறகு இறங்கவே இல்லை. அதற்கப்புறம் இருவரும் எந்தக் காரியத்தையும் நேராகப் பேசிக்கொண்டதும் இல்லை. வீட்டில் மாறாமல் இருந்தவள் வசந்தாமணி ஒருத்திதான். பாவாடை கட்டிய வயசிலிருந்து அவனைத் 'தொரை' என்றும் 'நீ' என்றும் சொல்லிப் பழகியவள். வீட்டுக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் வந்திருக்கும்போது அப்படிக் கூப்பிட்டால் அவள் அம்மா முறைப்பாள். அவள் காதில் வாங்கமாட்டாள்.

அவள் விஷக்காய்ச்சலில் போன பிறகு தம்பிதுரை கம்பெனியில் சொன்ன வேலையைச் செய்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான். மீதி நேரம் ஷெட்டில் கிடந்தான். பி.ஈ. மெக்கானிக்கல் படித்தவன். மாமனாரின் வெள்ளை மாருதிக்கு டர்போ வைத்துக்கொண்டிருந்தான். டர்போ உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் அகப்பட்டது. ஜப்பான்காரன் ஏதோ குட்டிக் காருக்குச் செய்தது. இரண்டு கொட்டாங்குச்சிகளை முதுகோடு முதுகு ஒட்டவைத்த மாதிரி இருக்கும். கூடமாட உதவிக்கு லேத்து ஓட்டுகிற ராமுலு. அவனுக்கு வாய் ஓயாது. தம்பிதுரைக்கு வாய் திறக்காது. ஆக, ஷெட்டில் பேச்சு எப்போதும் சரியான அளவில் இருந்தது.

ஏன் இதைச் செய்கிறாய் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திராது. காலையில் எழுந்திருக்க அது ஒன்றுதான் இருந்தது.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொய்யா மரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. அத்தை குழந்தையம்மாள் அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி, நெய் ஊற்றி வட்டலில் போட்டாள். மாமனாரும் மருமகனும் எதிரெதிரே உட்கார்ந்து உண்டார்கள்.

"ஏனுங்க மாப்ள, ஒரு சமாச்சாரமுங்க."

"சொல்லுங்க மாமா."

"சூலூர்ல பாலகோபால் நாயக்கர்னு ஒருத்தருங்க. தறி ஓட்டறவரு. இக்கட்டால, நம்ம பக்கம், எட்டுத் தறி போடோணுமாமா. உங்க ஷெட்டு சும்மாதானுங்களே கெடக்குதுன்னாரு."

தம்பிதுரை சோற்றைப் பிசைந்தான்.

"நான் ஒண்ணும் வாக்குக் குடுக்கலீங்க. மாப்ளயக் கேட்டுப்போட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

அப்படியென்றால் வாக்குக் கொடுத்தாயிற்று என்று பொருள்.

"ஷெட்டுல கண்ணு ஏதோ வேல பண்ணுதுங்களே" என்றாள் அத்தை.

"பண்ணுது, பண்ணுது. நானும் பாத்துட்டுத்தான இருக்கறேன். அதென்னங்க மாப்ள அது? எனக்கும் வெளங்கறாப்பல சொல்லுங்க."

தம்பிதுரை கொஞ்சம் யோசித்தான். "அதும் பம்ப்தானுங்க மாமா. காத்துக்கு."

"காத்துக்குப் பம்பா?"

"சைலன்சர் வழியா வீணாப் போற பொகைல ஒரு இம்பெல்லர் சுத்துமுங்க. அதே சாஃப்ட்டுல அந்தப் பக்கம் இன்னொரு இம்பெல்லர். அது காத்த இழுத்து இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து சேந்து போனா பெட்ரோலும் சேந்து போகும். இழுவை கூடும்."

கவுண்டர் முப்பது வருஷமாக இம்பெல்லர் வார்க்கிறவர். உடனே பிடித்துக்கொண்டார். "செரி. வெளங்குது. ஆனாப் பாருங்க, கெணத்துல எவ்வளவு தண்ணியோ அதுக்குத் தக்க பம்ப் வெக்கோணும். பொட்டிக்கடையாட்டம் ஒரு காரு. அதுக்குப் போயி எதுக்குங்க அது? கோழிக்குஞ்சுக்குக் கொம்பு வெச்ச கதையா இருக்குது."

"மேட்டுல இழுக்கோணுமுங்களே."

"துடியலூர்ல ஏறி காந்திபுரத்துல எறங்கற வண்டிக்கு என்னங்க மேடு? ரெண்டு சிக்னலு, நாலு எருமை. அவ்வளவுதான?"

"கோத்தகிரி போறமுங்களே."

"போறம். ரெண்டாவது கியர்ல உருட்டிட்டுப் போனா மத்தியானச் சோத்துக்குள்ள போயிரலாம். எவன் தொரத்தறான்?"

தம்பிதுரை வட்டலைப் பார்த்தபடி சொன்னான். ஒரு வருஷத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். "மேல போகப் போகக் காத்து கம்மிங்க மாமா. கோத்தகிரில வண்டிக்கு அஞ்சுல ஒரு பங்கு மூச்சு கீழயே நின்னுபோகுது. பெரிய வண்டின்னா சமாளிச்சுக்கும். சின்ன வண்டிக்கு இருக்கறதே கொஞ்சம். பெரிய கார் வெச்சிருக்கறவனுக்கு மேடு ஒரு மேடே இல்லீங்க. சின்னக் கார்ல போறவனுக்குத்தான் மேடெல்லாம் மேடா இருக்குது. அப்ப அது யாருக்கு வெக்கோணும்?"

அத்தை கரண்டியோடு நின்றுவிட்டாள். மருமகன் இத்தனை வார்த்தை பேசியதே அவளுக்குப் போதும். எதைப் பற்றி என்பது அப்புறம்.

கவுண்டர் சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்தார். "நல்லாத்தான் பேசறீங்க. செரி, ஒண்ணு பண்ணலாமுங்க. கோத்தகிரில ஒரு டீத் தோட்டத்துக்குப் பம்ப் குடுக்கறதா இருக்குது. அத டிக்கில போட்டுக்கலாம். வெறும் வண்டி எதுக்குப் போகோணும்? உங்க காத்துப் பம்ப் மேட்டுல வேல செஞ்சுதுன்னா ஷெட்டு உங்களுது. தண்ணிப் பம்போட அதையும் இங்கயே பண்ணலாம். செய்யலீன்னா..."

"செய்யலீன்னா?"

"பாத்துக்கலாமுங்க."

இந்தப் பக்கத்தில் ஒருவர் 'பார்த்துக்கலாம்' என்றால் அதற்குமேல் பார்க்க ஒன்றும் இல்லை.

கவுண்டரைக் கஞ்சன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டு இலை போட்டவர். ஆனால் ஒன்று வீணாகப் போவதைக் கண்ணால் பார்க்க மாட்டார். நின்ற இடத்தில் இன்ஜின் ஓடினால் அவருக்கு வயிறு எரியும். ரயில்வே கேட் மூடினால் சாவியைத் திருப்பிவிடுவார். கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, மேட்டுப்பாளையம் வரை உருட்டியே வந்துவிடுவார். அவர் மட்டுமல்ல, அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான்.

முதல் தடவை போனபோது கவுண்டரே ஓட்டினார். பக்கத்தில் தம்பிதுரை. பின்னால் ராமுலு, டிக்கியில் பம்ப். பவானிப் பாலம் தாண்டிக் கோத்தகிரி ரோட்டில் திரும்பி, முதல் வளைவில் மிதித்ததும் வண்டி எகிறியது. கவுண்டர் உதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டார். அடுத்த வளைவில் முன்னால் போன லாரியை ஏறிக்கடந்தார். பானட்டுக்குள் மெல்லிய விசில் சத்தம். ராமுலு பின்னாலிருந்து, "ஐயா, வண்டி சீட்டியடிக்குதுங்க. யாரயோ பாத்துருச்சாட்ட இருக்குது" என்றான். கவுண்டர்கூடச் சிரித்தார்.

குஞ்சப்பனையில் ரோட்டோரம் பலாப்பழம் குவித்துப் போட்டிருந்தார்கள். பலா வாசத்துக்கு அவர் கால் தானாக பிரேக்கை மிதித்தது. கை சாவிக்குப் போனது.

தம்பிதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு ஏற்றம் ஏறி வந்திருக்கிறது. டர்போ உள்ளே பழுக்கக் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் நின்றால் அதற்கு ஆயில் போகாது. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, அது ஆறிய பிறகுதான் நிறுத்த வேண்டும்.

ஆனால் மாமனாரிடம் 'நிறுத்தாதீங்க' என்று எப்படிச் சொல்வது? அவர் வண்டி. அவர் சாவி. அவன் பவ்யமாகக் கையை நீட்டி, "இருக்கட்டுங்க மாமா" என்றான்.

"அட, இதுல என்னங்க சிரமம்" என்று கவுண்டர் சாவியைத் திருப்பினார்.

பழம் பார்த்து, தட்டிப் பார்த்து, பேரம் பேசி முடித்து வண்டியை எடுத்தார்கள். நாலு வளைவு போனது. விசில் சத்தம் கிறீச்சென்று மாறியது. பின்கண்ணாடி முழுக்க நீலப் புகை. அதற்குமேல் வண்டி முன்னிலும் மோசமாக, கட்டி இழுக்கிற மாதிரி ஏறியது. வளைவில் ஏறிக்கடந்த அதே லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டியது. கிளீனர் பையன் கையை ஆட்டிவிட்டுப் போனான்.

பம்பைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கவுண்டர் வழக்கம்போல இன்ஜினை நிறுத்தி உருட்டினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறங்கித்தான், "பரவாயில்லீங்க மாப்ள. முயற்சி பண்ணுனீங்க. அதுவே பெருசு. ஆடில யாரும் குடி வர மாட்டாங்க. ஆவணி பொறந்ததும் வரச் சொல்லிப்போட்டேன்" என்றார்.

மறுநாள் டர்போவைக் கழற்றினார்கள். பேரிங் புஷ் தீய்ந்த கத்தரிக்காய் மாதிரி கருகியிருந்தது. ராமுலு உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தான்.

"ஆயில் இல்லாம ஓடிருக்குதுங்க. குஞ்சப்பனைல டக்குனு நிறுத்துனாரல்ல, அப்பவே போச்சு. நீங்க ஒண்ணும் சொல்லலீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"இருக்கட்டுங்கன்னேன்."

ராமுலு லேத்து மேல் கை வைத்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. "ஏனுங்கண்ணா, உங்க ஊரு வார்த்தைல அத விட்டா வேற கெடைக்கலீங்களா? பந்தில இருக்கட்டுங்கன்னா இன்னொரு கரண்டி போடுன்னு அர்த்தம். பையத் தூக்க வந்தவன்கிட்ட இருக்கட்டுங்கன்னா தூக்குன்னு அர்த்தம். பொண்ணு கேட்டு வந்தவன்கிட்ட இருக்கட்டுங்கன்னா நடையக் கட்டுன்னு அர்த்தம். இருக்கட்டும்னு மட்டும் எங்கயும் அர்த்தம் இல்லீங்க."

தம்பிதுரை சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனரை மூலையில் வீசினான். ஏன் என்று முதலில் பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது, கோபம். ஒரு வருஷத்துக்கு மேலாக அவனுக்கு எதன்மேலும் கோபம் வந்ததில்லை. மாமனார்மேல் வந்ததா, தன்மேல் வந்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை. புஷ்ஷைப் பிடுங்கிப் பார்த்தான். "இதக் கடைஞ்சு எடுத்தர்லாமா?"

"வெண்கலத்துல கடைஞ்சா நிக்குமுங்க. சாஃப்டு தேய்ஞ்சிருக்குது, கிரைண்டிங் போடோணும். பேலன்ஸ் பாக்க நூல் மில்லுக்குக் கதிர், அதானுங்க ஸ்பிண்டில், பண்றவங்ககிட்டப் போலாம். அவிங்க மிஷின்லயே பாத்துக் குடுப்பாங்க."

"ஆடி முடியறதுக்குள்ள வேணும்."

"அண்ணா, அடடா. குரல் வந்துருச்சுங்களே!"

ஆடி மாதம் யாரும் எதையும் ஆரம்பிக்காத மாதம். கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, புது வண்டி எடுக்கிறவன் இல்லை. காற்று மட்டும் இரவு பகல் பார்க்காமல் வேலை செய்தது. மண்ணை வாரி ஷெட்டுக்குள் போட்டது. லேத்துக்குச் சாக்குப் படுதா கட்டித்தான் புஷ் கடைந்தார்கள். முதல் புஷ் இறுக்கம். இரண்டாவது லூஸ். மூன்றாவதைத் தம்பிதுரையே கடைந்தான். எண்ணெயில் தோய்த்துப் போட்டு விரலால் சுண்டினால் சாஃப்டு சத்தமில்லாமல் சுற்றி, எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றது.

மத்தியானம் அத்தை போசியில் கம்மஞ்சோறும் மோரும் கொண்டுவந்து வைப்பாள். நின்று பார்ப்பாள்.

"கண்ணு, தெரியாமத்தான் கேக்கறேன். இது இல்லாமயே வண்டி ஓடுதல்ல?"

"ஓடுதுங்க அத்தை."

"அப்பறம்?"

"மோர் இல்லாமயும் கம்மஞ்சோறு எறங்குமுங்க."

அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் கவுண்டரிடம் அவள் பேசியது சமையலறை ஜன்னல் வழியாக ஷெட்டு வரை கேட்டது. "ஒருக்கா தோத்தா தோத்ததாயிருமா? நீங்க மொதமொத வார்த்த பம்பு கெணத்துக்குள்ளயே வெடிக்கலீங்களா? நான் வாறேன் கோத்தகிரிக்கு. நானும் ஒரு ஆளு பாரம் ஏறறேன். அப்ப ஏறுதான்னு பாருங்க."

"ஆடில புதுசா ஒண்ணும் வேண்டாம்னு நீதான சொல்லுவ?"

"இது புதுசுங்களா? ரிப்பேரு."

இரண்டாம் பயணத்துக்குத் தேதி குறித்த அன்றைக்கே பாலகோபால் தறிக்கு இடம் அளக்க டேப்போடு வந்து நின்றார். நல்ல ஆகிருதி. மாருதியின் பின்சீட்டில் முக்கால்வாசி அவருக்கே சரியாய்ப் போகும். "கோத்தகிரிக்குங்களா? எனக்கும் அங்க நூல் பாக்கி தர வேண்டியவர் ஒருத்தர் இருக்காருங்க. கூட வரட்டுங்களா?" என்றார்.

கவுண்டர் மருமகனைப் பார்த்தார். வேண்டாம் என்று அவன் சொன்னால் விட்டுவிடலாம் என்பது போலப் பார்த்தார்.

"ஏறுங்க" என்றான் தம்பிதுரை.

டிக்கியில் அதே தோட்டத்துக்கு இன்னொரு பம்ப். பின்னால் பாலகோபால், நடுவில் நசுங்கிக்கொண்டு ராமுலு, ஓரத்தில் மடியில் கட்டுச்சோற்றுத் தூக்குடன் அத்தை. முன்னால் கவுண்டர். ஸ்டீயரிங்கில் தம்பிதுரை. வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி தணிந்திருந்தது.

"கவுண்டரே, இது ஏறுமுங்களா? நான் வேணா பஸ்ல வாறேனே" என்றார் பாலகோபால்.

"உக்காருங்க நாயக்கரே. ஏறலீன்னா நீங்கதான எறங்கித் தள்ளப் போறீங்க" என்றான் ராமுலு.

மேட்டுப்பாளையத்தில் சாரல். பாலம் தாண்டியதும் வெயிலும் மழையும் சேர்ந்து அடித்தது. முதல் ஏற்றத்தில் தம்பிதுரை மூன்றாவது கியரை மாற்றவில்லை. கவுண்டரின் இடது கால் இல்லாத கிளட்சை மிதித்தது. "ரெண்டாவது போடுங்க மாப்ள, திணறும்."

தம்பிதுரை மிதித்தான். விசில் எழுந்தது. ஐந்து பேரும் ஒரு பம்பும் சேர்ந்து முதுகோடு சீட்டில் அமுங்கினார்கள். முன்னால் உருளைக்கிழங்குச் சாக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி ஒன்று கரும்புகை கக்கிக்கொண்டு ஏறியது. வளைவு நிமிர்ந்ததும் அதைத் தாண்டினான். அதற்கும் முன்னால் அரசுப் பேருந்து. நேர் ரோடு வந்ததும் அதையும் தாண்டினான். பேருந்து ஜன்னலில் வெற்றிலை துப்பத் தலை நீட்டிய ஒருவர் துப்பாமல் பார்த்தார்.

பாலகோபால் முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அத்தை மட்டும், "கண்ணு, தூக்குல ரசம் இருக்குது" என்றாள்.

குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு திருப்பம். திரும்பியதும் தம்பிதுரை பிரேக்கை மிதித்தான். எதிரே ரோட்டின் நடுவில் யானை. ஒன்று அல்ல. முன்னால் பெரியது, பின்னால் குட்டியோடு இரண்டு. பலாப்பழத்துக்கு இறங்கியவை. எதிர்ப்பக்கம் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் ஒரு ஜீப்பும் சத்தமில்லாமல் நின்றிருந்தன. ஜீப்காரன் கையால் சாவி திருப்புகிற மாதிரி சைகை காட்டினான்.

"ஏடுகொண்டலவாடா" என்று திருப்பதிப் பெருமாளைத் தெலுங்கில் கூப்பிட்டார் பாலகோபால், மூச்சுக்குள்.

கவுண்டரின் கை சாவிக்கு வந்தது. தம்பிதுரை அந்தக் கையைப் பிடித்தான். மருமகன் மாமனாரின் கையைப் பிடித்து நிறுத்துவது அந்த வீட்டில் நடந்ததே இல்லை.

"ஆஃப் பண்ணாதீங்க மாமா."

"ஏனுங்க மாப்ள, ஆனை..."

"கைய எடுங்க."

கவுண்டர் ரோட்டைக் கண்ணால் காட்டினார். "டேய் தொரை. ஆனைடா."

"தெரியுது. சித்த நேரம். இப்ப நிறுத்துனா உள்ள கருகிப்போகும். போன தடவையும் இங்கதான் போச்சு. நீங்க நிறுத்தித்தான் போச்சு."

"நானா?"

"நீங்கதான்."

"அன்னைக்கே ஏண்டா சொல்லல?"

"சொன்னேன். இருக்கட்டுங்கன்னு."

"இருக்கட்டுங்கன்னா இருக்கட்டும்னு எவன்டா நெனப்பான்?"

எல்லாம் கிசுகிசுப்பில் நடந்தது. இன்ஜின் பூனை மாதிரி முனகிக்கொண்டிருந்தது. பெரிய யானை காதை ஒருமுறை அடித்து, வண்டியைப் பார்த்தது. வெள்ளையாய், தன் வயிற்று உயரம்கூட இல்லாத அந்தப் பெட்டியை அது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தும்பிக்கையால் மண்ணை அள்ளித் தன் முதுகில் போட்டுக்கொண்டது. தம்பிதுரை விசிலின் கடைசி இழை அடங்குவதைக் காதால் கேட்டான். இன்னும் கொஞ்சம் பொறுத்தான். பிறகு மாமனாரின் கையை விட்டான்.

"இப்ப நிறுத்துங்க."

கவுண்டர் சாவியைத் திருப்பினார். காட்டில் பூச்சிச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தையின் உதடுகள் மாகாளியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. யானைகள் அவசரப்படவில்லை. குட்டி ஒரு பலாச் சுளையைத் தவறவிட்டு, அதை எடுக்கத் திரும்பி வந்து, அப்புறம்தான் போனது. மூங்கில் முறிகிற சத்தம் சரிவில் இறங்கித் தேய்ந்தது.

தம்பிதுரை வண்டியைக் கிளப்பினான். யாரும் மூச்சு விடவில்லை. யானைக்காக அல்ல. அவன் மெல்ல முதல் கியர், இரண்டாவது, பிறகு மூன்றாவது போட்டு மிதித்தான். எல்லோரும் பின்கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார்கள். புகை இல்லை. முன்னால் விசில் எழுந்தது. அதே பழைய, ஒல்லியான, சுத்தமான விசில்.

"அடிச்சாம் பாரு சீட்டி!" என்று கத்தினான் ராமுலு.

"மிதிடா" என்றார் கவுண்டர். "மிதிடா தொரை. அதா ஒரு லாரி, எதுக்கு அது நமக்கு முன்னால போகுது?"

அரவேணு தாண்டும்போது தேயிலைச் சரிவுகளில் பனி இறங்கியிருந்தது. குளிர்ந்த, கனமில்லாத மலைக்காற்று. இந்த இடத்துக்கு வருமுன் மற்ற சின்ன வண்டிகள் இரண்டாவதுக்கும் முதலாவதுக்கும் இறங்கியிருக்கும். தம்பிதுரையின் கை கியரைத் தொடவில்லை. கண்ணாடியில் சாரல் என்று நினைத்து வைப்பரைப் போட்டான். வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கிறீச்சிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு ஓரம் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, எல்லோரும் இறங்கினார்கள். கவுண்டர் பானட்டின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். பாலகோபால் முதுகை நிமிர்த்தி, இடுப்பிலிருந்த டேப்பைத் தடவினார்.

"கவுண்டரே, ஆவணி ஒண்ணாந்தேதி நல்ல நாளு..."

"நாயக்கரே, ஷெட்டு இல்லீங்க."

பாலகோபால் திகைத்துப் போனார். இந்த ஊரில் யாரும் அவரிடம் இல்லை என்பதை இல்லை என்றே சொன்னதில்லை. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "தறிக்கு வேற எடம் பாத்துக்கறேனுங்க. எம்பட வண்டியும் இதே வண்டிதான். மாசம் ரெண்டு தடவை இங்க வாறேன். எனக்கு ஒண்ணு மாட்டிக் குடுக்கச் சொல்லுங்க உங்க மாப்ளகிட்ட."

"அவங்கிட்டயே கேளுங்க. மாட்டறவன் அவன்."

"மாட்டித் தாறேன்" என்றான் தம்பிதுரை. "ஆனா நின்னதும் ஆஃப் பண்ணக் கூடாது. எறக்கத்துல நிறுத்தி உருட்டவே கூடாது. பண்ணுனீங்கன்னா நான் ரிப்பேருக்கு வர மாட்டேன்."

"அப்பா, என்ன ஒரு கண்டிசன்!" என்றார் பாலகோபால், கவுண்டரைப் பார்த்து. கவுண்டர் காதில் விழாத மாதிரி மலையைப் பார்த்தார்.

டீக்கடை பெஞ்சில் அத்தை தூக்கைத் திறந்தாள். ரசம் சிந்தவே இல்லை. கடைக்காரரிடம் வாழையிலை வாங்கி எல்லோருக்கும் போட்டாள். மருமகன் இலையில் சோறு மலையாகக் குவிந்தது. அவன் போதும் என்றான். அவள் நிறுத்திவிட்டாள்.

"எம்பட அம்மணி வசந்தாமணி இதப் பாக்கறதுக்கு இல்லாமப் போயிட்டா" என்று கடைக்காரரின் மனைவியிடம் ஆரம்பித்தாள். யார் கிடைத்தாலும் அவள் சொல்வதுதான். "சாகற அன்னைக்குக்கூடத் தன்னப் பத்தி நெனக்கலீங்க. புருசன் கையப் புடிச்சுட்டு, 'எங்கம்மாகிட்டச் சொல்லி உங்களைப் பாத்துக்கச் சொல்றேன்'னு சொல்லிப்போட்டுத்தானுங்க கண்ணு மூடுனா."

சாவுக்கு வந்தவர்கள் இதையே சொன்னார்கள். காரியத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். இத்தனை நாளும் தம்பிதுரை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று விட்டிருந்தான்.

"அவ அப்படிச் சொல்லலீங்க அத்தை."

அத்தையின் கை நின்றது. கவுண்டர் திரும்பிப் பார்த்தார்.

"அவ என்னை வாங்க போங்கன்னே பேசுனதில்லையே. அப்ப மட்டும் பேசுவாளா? நீங்க எளநி வாங்கக் கீழ போயிருந்தீங்க. நான் மட்டுந்தான் இருந்தேன்."

"அப்பறம் என்னதாங்கண்ணு சொன்னா?"

தம்பிதுரைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. தோள் குலுங்கியது. அத்தைக்கும் காரணம் தெரியாமலே உதடு விரிந்தது. அவன் இலையைத் தள்ளி வைத்தான். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு, அவள் முகத்தின் மேல் குனிந்தபடி உட்கார்ந்திருந்ததைச் சொன்னான். அவள் கண் திறந்து அவனைப் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் சுற்றுகிற டேபிள் ஃபேனைப் பார்த்தாள், சின்ன வயசிலிருந்து முறைக்கிற அதே முறைப்பு முறைத்தாள் என்றான். பிறகு அவள் சொன்னதை அவள் குரலிலேயே சொன்னான்:

"தொரை, ஃபேனுக்குக் குறுக்க உக்காந்துட்டு என்ன பண்ற நீ? தள்ளு, காத்து வரட்டும்."